நாலு சுருளா, நானூறு வோல்ற்றா?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பையன்கள், பாடசாலைக் கண்காட்சிக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டிய தரம் பத்து, பதினொன்று பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும் அப்பாமார். இந்த மூன்று தரப்பும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரும்புத் துண்டு ஒன்றை மின்காந்தத்தால் ஓடவைக்கும் முடுக்கியை, ஒரு சுருளோடு நிறுத்தாமல் மூன்று நாலு படிகளாக வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஆனால் அதற்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு நல்லவை, ஒன்று மலிவானது, ஒன்று ஆளைக் கொல்லக்கூடியது. கொழும்பில் இருந்துகொண்டு எதைத் தெரிவு செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் இயங்கும் விதம். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதன் நடுவில்தான் காந்தப்புலம் பலமாக இருக்கும். சுருளின் வாயில் வைத்த இரும்புத் துண்டை அது நடுவை நோக்கி இழுக்கும். துண்டு நடுவுக்கு வரும் நேரம் ஓட்டம் நின்றுவிட்டால், துண்டு எடுத்த வேகத்தில் மறுபக்கத்தால் வெளியே போகும். நிற்காவிட்டால் அதே சுருள் துண்டைத் திரும்ப நடுவுக்கு இழுத்து, கொடுத்த வேகத்தைப் பறித்துக்கொள்ளும். முதன்முதலாகச் சுருள் சுற்றிப் பார்ப்பவர்களில் பலருக்குத் துண்டு வெளியே வராமல் குழாயின் நடுவில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

சரி, படிகள் எதற்கு? ஒரே சுருளில் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? இரும்பு அதற்கு இடம் கொடுக்காது. ஏறத்தாழ 2 தெஸ்லாவில் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு அது) இரும்பு காந்தத்தால் நிரம்பிவிடும். அதுவரை ஓட்டத்தை இரட்டித்தால் இழுவிசை நாலு மடங்காகும். நிரம்பிய பிறகு இரட்டித்தால் விசையும் இரட்டிப்போடு நின்றுவிடும். சுருளில் உண்டாகும் சூடு மட்டும் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். அதாவது செலவு முழுதாக ஏறும், வரவு பாதியில் நிற்கும். ஒரே சுருளை வதைப்பதை விட, அடக்கமான சுருள்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் சரியான நேரத்தில் ஏற்றி அணைப்பது புத்திசாலித்தனம்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு படியும் ஒரே அளவு சக்தியைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாலு படி தாண்டும்போது வேகம் முதற்படியின் நாலு மடங்காக இராது, இரண்டு மடங்குதான் வரும். மூன்று மடங்கு வேண்டுமென்றால் ஒன்பது படி வேண்டும். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் வரும் கணக்கு இது. பத்துப் பதினைந்து சுருள் என்று கனவு காண்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கம்பி வாங்கப் போவது நல்லது. நாலு படி போதும். அதற்கு மேல் வேலைதான் அதிகமாகும், விளக்கம் அதிகமாகாது.

மின்சாரமே இல்லாத வழி

மலிவானது என்று சொன்னது இதைத்தான். நியோடிமியம் காந்தங்களையும் உருக்குக் குண்டுகளையும் ஒரு நேரான தடத்தில் வைப்பது. ஒவ்வொரு காந்தத்தின் முன்பக்கமும் இரண்டு குண்டுகள் ஒட்டியிருக்கும். பின்பக்கத்திலிருந்து ஒரு குண்டை மெல்ல உருட்டிவிட்டால், காந்தம் அதை இழுத்து வேகமாக மோதவைக்கும். கரம் போர்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் காய்களின் ஒரு முனையில் அடித்தால் மறுமுனைக் காய் மட்டும் பறக்குமே, அதேபோல முன்பக்கத்துக் கடைசிக் குண்டு கழன்று அடுத்த காந்தத்துக்குப் போகும். அங்கேயும் அதே கதை. படிக்குப் படி வேகம் கூடும்.

இதன் அழகு என்னவென்றால் நேரக்கணக்கைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை, மோதல்களே பார்த்துக்கொள்ளும். குறையும் அதுதான். மின்காந்தத்தைப் பற்றி நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு தடவை ஓடியதும் குண்டுகளைக் காந்தங்களிலிருந்து கையால் பிடுங்கித் திரும்ப அடுக்க வேண்டும். முடுக்கத்துக்கான சக்தி அந்தப் பிடுங்கலில் உங்கள் கை கொடுப்பதுதான். நடுவர் ஒருவர் “சக்தி எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டால் பதில் சொல்ல நல்ல இடம் இது. பத்தில் எட்டுப் பிள்ளைகள் “காந்தத்திலிருந்து” என்றுதான் சொல்லும்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இந்த வழியே வேண்டாம். சிறிய நியோடிமியம் காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துளை போடும். இது சத்திரசிகிச்சைக்குப் போகிற விஷயம். பெரிய காந்தமென்றால் விரலை நசுக்கும், ஒன்றோடொன்று மோதிச் சிதறவும் செய்யும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது.

தண்டவாளமும் துள்ளும் வளையமும்

இரண்டு வழிகளைச் சுருக்கமாகக் கழித்துவிடலாம். இரண்டு கடத்தித் தண்டுகளுக்கு நடுவில் துண்டை வைத்துப் பெரிய ஓட்டம் பாய்ச்சுவது ஒன்று. இதைத்தான் அமெரிக்கக் கடற்படை ஆண்டுக்கணக்காக முயன்று 2021இல் கைவிட்டது. தண்டுகள் அரிபடுவது அவர்களுக்கே பெரிய தலையிடியாக இருந்தது. வீட்டில் செய்தால் துண்டு தண்டோடு ஒட்டிப் பற்றவைத்ததுபோல நின்றுவிடும். மற்றது, இரும்பு அகணியில் மாறுமின்னோட்டம் பாய்ச்சி அலுமினிய வளையத்தை மேலே துள்ளவைப்பது. தூண்டப்பட்ட ஓட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்ற லென்சின் விதியைக் காட்ட இதைவிடச் சிறந்த காட்சி கிடையாது. ஆனால் ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னால் செய்யவேண்டியது அது. எங்கள் சுவர் மின்சாரம் 230 வோல்ற்று. அதை நேரே சுருளுக்குக் கொடுக்கும் எதையும் வீட்டில் செய்யச் சொல்லி நான் எழுதமாட்டேன். போதாததற்கு அதில் படிகளும் இல்லை.

நானூறு வோல்ற்றுக்காரர்கள்

இனி அந்த ஆளைக் கொல்லும் வழி. இணையத்தில் பார்க்கிற பெரும்பாலான காட்சிகள் இதுதான். பழைய கமராவின் பிளாஷ் பெட்டியிலிருந்து எடுத்த, மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் 330 வோல்ற்றுக் கொள்ளளவி, அல்லது கணினி மின்வழங்கியில் இருக்கும் பெரிய கொள்ளளவிகள். ஏற்றி, ஒரு தட்டுத் தட்டினால் பெரிய சத்தத்தோடு துண்டு பறக்கும். கைதட்டல் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். கொள்ளளவியில் உள்ள சக்தி, கொள்ளளவத்தை வோல்ற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி வரும் விடையில் பாதி. 1000 மைக்ரோபரட் கொள்ளளவியை 400 வோல்ற்றுக்கு ஏற்றினால் 80 ஜூல். அதே சக்தி கை வழியாக மார்பைக் கடந்தால் இதயம் நிற்கலாம். கொள்ளளவி சுவர் மின்சாரம் போலவும் இல்லை. ஆளியை அணைத்த பிறகும், செருகியைக் கழற்றிய பிறகும், அடுத்த நாள் காலையிலும்கூட அது ஏற்றத்தோடு மேசையில் கிடக்கலாம். பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரிய ஆள் இருக்காது. கொழும்பு வெக்கையில் இன்னொன்றும் சேர்கிறது. வியர்த்த தோலின் தடை உலர்ந்த தோலின் தடையைவிட வெகுவாகக் குறைவு. மார்ச், ஏப்ரலில் மின்விசிறியும் நிறுத்தி, சிறு பாகங்கள் பறக்காமல் மேசையில் குனிந்து வேலை செய்கிறவனின் கை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுத்து வாங்குவது என்ன? வீட்டில் செய்யும் சுருள் முடுக்கிகளில் பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டு பங்கு சக்திதான் துண்டின் ஓட்டமாக மாறும். மிச்சமெல்லாம் செம்பைச் சூடாக்கும். வோல்ற்றளவைக் கூட்டுகிறவர் இந்த வீணடிப்பைச் சரிசெய்வதில்லை, அதைப் பெரிதாக்குகிறார். அவ்வளவு வேகமாக முடிந்துவிடும் துடிப்பில் எந்தக் கணத்தில் என்ன நடந்தது என்று அளக்கவும் கஷ்டம்.

நோர்வேயில் கிறிஸ்தியான் பிர்க்லாந்து என்ற பௌதிக விஞ்ஞானி 1903இல் இதே ஆசையோடு, மின்காந்தப் பீரங்கி ஒன்றை மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் இயக்கினார். குறுஞ்சுற்று ஏற்பட்டு, பயங்கரச் சத்தத்தோடு மின்வில் எரிந்தது, கூட்டம் கலங்கிப்போனது. அவருக்கு அதிலும் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அந்த மின்வில்லைக் கொண்டே காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து உரம் செய்யும் வழியைச் சாம் ஐடே என்ற பொறியியலாளரோடு சேர்ந்து உருவாக்கினார். 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ கம்பனி அதிலிருந்து பிறந்தது. உங்கள் பாடசாலை மண்டபத்தில் மின்வில் எரிந்தால் கம்பனி எதுவும் பிறக்காது, அதிபரின் கடிதம்தான் வரும்.

பற்றரியா, தாழ்வோல்ற்றுக் கொள்ளளவியா

உண்மையான தெரிவு இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டிலும் சுருள் ஒன்றே, அதனால் முதலில் சுருளைச் சொல்லிவிடுகிறேன்.

உள்விட்டம் 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 10 மில்லிமீற்றர் உள்ள அக்ரிலிக் குழாய். அதன்மேல் 0.8 மில்லிமீற்றர் இனாமல் கம்பியால், 30 மில்லிமீற்றர் நீளத்துக்கு 200 சுற்று. ஆறு அடுக்கு வரும். கம்பி ஏறத்தாழ ஒன்பதரை மீற்றர் போகும், தடை 0.3 ஓமுக்குச் சற்று மேல், எடை 40 கிராம் சொச்சம். குழாய் உலோகமாக இருக்கக்கூடாது. செம்போ அலுமினியமோ என்றால் சுழிப்போட்டம் அதற்குள்ளேயே சக்தியைத் தின்னும், இரும்பென்றால் புலத்தின் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும். ஓடும் துண்டு ஐந்து கிராம் அளவில் மெல்லிரும்புக் கம்பித் துண்டு, இரு முனையும் அரத்தால் ராவி உருண்டையாக்கியது. கூரான எதுவும் வேண்டாம்.

பற்றரி வழியில், 12 வோல்ற்று யூ.பீ.எஸ். பற்றரியை மொஸ்பெற் (மின்சமிக்ஞையால் திறந்து மூடும் ஆளி) ஒன்றின் ஊடாக நேரே சுருளுக்குக் கொடுப்பீர்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் கொழும்பில் வீட்டுக்கு வீடு யூ.பீ.எஸ். வந்தது. அவற்றில் பல இப்போது மூலையில் தூசு பிடித்துக் கிடக்கின்றன. பற்றரி இன்னும் உயிரோடு இருந்தால் செலவே இல்லை. சுருளில் 35 அம்பியருக்குக் கிட்ட ஓட்டம் வரும். 12 வோல்ற்று ஆளைத் தாக்காது. படிக்குப் படி கொள்ளளவி ஏறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஓடவிடலாம், உடனே திரும்ப ஓடவிடலாம். அளந்து திருத்தி அளந்து திருத்திப் போகிற வேலைக்கு இந்த உடனடித்தன்மை பெரிய வரம்.

ஆனால் பற்றரிக்கு நிறுத்தத் தெரியாது. மொஸ்பெற் பழுதாகி ஒட்டிக்கொண்டாலோ, நிரல் எங்காவது சிக்கி நின்றாலோ, 400 வாற்றுக்கு மேல் அந்த 40 கிராம் செம்புக்குள் போய்க்கொண்டே இருக்கும். செக்கனுக்கு 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடு ஏறும். ஐந்தாறு செக்கனில் இனாமல் கருகும் மணம் வரும், அப்புறம் அக்ரிலிக் குழாய் வளையும். ஆகவே பற்றரியின் நேர் முனையிலேயே வாகன உருகி ஒன்று கட்டாயம், கையெட்டும் தூரத்தில் பெரிய ஆளி ஒன்றும் கட்டாயம். உருகி போட மறந்தவன் இந்த வழியைத் தெரிவு செய்யக்கூடாது.

கொள்ளளவி வழியில் ஒவ்வொரு சுருளுக்கும் 35 வோல்ற்று, 4700 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று. முழுதாக ஏற்றினால் 2.9 ஜூல். இதற்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. என்ன பிழைத்தாலும் அந்த 2.9 ஜூல் தீர்ந்ததும் கதை முடிந்தது, சுருள் இளஞ்சூடாகக்கூட ஆகாது. மேலே சொன்ன சுருளோடு சேர்த்தால் ஓட்டத்தின் துடிப்பு மூன்று நாலு மில்லிசெக்கன் நீடிக்கும். துண்டு முதற்படியைக் கடக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் சேர்மானம் நன்றாகவே பொருந்துகிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு துண்டுக்குப் போனால் ஐந்து கிராமுக்குச் செக்கனுக்கு ஐந்து மீற்றரை எட்டும் வேகம் வரும். நாலு படியில் பத்து. மேசையில் வைத்து அளக்கவும், மணல் நிரப்பிய பெட்டிக்குள் பிடிக்கவும் வசதியான வேகம்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஏற்ற வேண்டும். மின்பகுபொருள் கொள்ளளவி எதிர்த்திசை வோல்ற்றைத் தாங்காது, குறுக்கே டயோட் (ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போடாவிட்டால் கொஞ்ச நாளில் வீங்கும். ஆளியாகத் தைரிஸ்ரரைப் போட்டால் மலிவு, முரட்டுத்தனமாகத் தாங்கும், ஆனால் ஒருமுறை திறந்தால் ஓட்டம் தானாக அடங்கும்வரை மூடாது. முதல் இரண்டு படிக்குச் சரி. துண்டு வேகமாகிவிட்ட நாலாவது படியில் அந்த மூடாத்தன்மைதான் துண்டைப் பின்னால் இழுக்கும். கடைசிப் படிகளுக்குச் சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பி போடவேண்டும், அல்லது கொள்ளளவியைச் சிறிதாக்கவேண்டும்.

மொஸ்பெற்றுக்கு மூடத் தெரியும். அதற்கு வேறு நோய். 35 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் சுருளைச் சட்டென்று அறுத்தால், சுருள் தன் சக்தியை வோல்ற்றளவாக எகிறவைத்து மொஸ்பெற்றைக் கொன்றுவிடும். அதைத் தடுக்கச் சுருளுக்குக் குறுக்கே டயோட் போடச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். போடுங்கள். ஆனால் வெறும் டயோட் போட்டால் ஓட்டம் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் அடங்கும். இந்தச் சுருளில் அது முக்கால் மில்லிசெக்கன் அளவிலான நேரமாறிலி, அதாவது ஓட்டம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு இறங்க எடுக்கும் நேரம். செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் துண்டு ஏழு எட்டு மில்லிமீற்றர் போய்விடும், அதாவது சுருளின் நடுவைத் தாண்டிய பிறகும் இழுபடும். டயோட்டோடு தொடராகச் சின்னத் தடையொன்று, ஒரு ஓம் அளவில், போட்டால் ஓட்டம் சட்டென்று விழும். அறுக்கும் கணத்தில் தடைக்குக் குறுக்கே 35 வோல்ற்று எழும், அதையும் மின்மூலத்தின் வோல்ற்றளவையும் சேர்த்துத் தாங்கும் மொஸ்பெற்றாகப் பார்த்து வாங்கினால் போதும். பல கட்டமைப்புகளில் ‘நாலாவது சுருள் வேலை செய்யவில்லை’ என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் இந்த ஒற்றைத் தடை இல்லாததுதான்.

ஆக, பற்றரியா கொள்ளளவியா? தனியாக வேலை செய்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கொள்ளளவி. எதைப் பிழைவிட்டாலும் 2.9 ஜூலோடு முடியும். அருகில் விபரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்து, உருகியும் போட்டு, நிறைய அளக்க ஆசையும் இருந்தால் பற்றரி. என் வாக்கு பற்றரிக்குத்தான். ஒரு பின்னேரத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடவிடலாம் என்பதை வேறு எந்தச் சிறப்பாலும் ஈடுகட்ட முடியாது.

நேரத்தை யார் பார்ப்பது

படிகளை ஏற்றி இறக்குவதற்கும் இரண்டு வழி. முதலாவது, ஆர்டுயினோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு சுற்றுப்பலகையில் கணக்கிட்ட நேரங்களை எழுதிவிட்டு அதன்படி சுருள்களை இயக்குவது. எழுதச் சுலபம். ஆனால் துண்டை ஒரு மில்லிமீற்றர் தள்ளி வைத்தாலே, பற்றரி கொஞ்சம் இறங்கினாலே, மூன்றாவது படியில் கணக்கு குழம்பும். இரண்டாவது, ஒவ்வொரு சுருளின் வாயிலிலும் அகச்சிவப்பு விளக்கும் ஒளித்திரான்சிஸ்ரரும் எதிரெதிரே வைத்து, துண்டு ஒளியை மறைக்கும்போது சுருளை ஏற்றுவது. இதில் சந்தேகமே வேண்டாம், ஒளிவாயில்தான். துண்டு எப்போது வந்தாலும் சுருள் அதற்காகக் காத்திருக்கும். வேகத்தையும் இலவசமாக அளந்து தரும். ஆர்டுயினோ ஊனோ நாலு மைக்ரோசெக்கன் துல்லியத்தில் நேரம் பார்க்கும், ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியை ஐந்து மீற்றர் வேகத்தில் கடக்க 10 மில்லிசெக்கன் ஆகும். தேவைக்கு மேலே போதும்.

ஒளிவாயில்களைப் பழைய அச்சியந்திரங்களுக்குள்ளிருந்தே கழற்றலாம். கடதாசி போகிறதா என்று பார்க்க உள்ளே பிளவு வடிவத்தில் இருப்பவை அவைதான். குழாய்க்கு அந்தப் பிளவு ஒடுக்கமென்றால் இரு கால்களையும் அறுத்து அகட்டிக்கொள்ளலாம். வெள்ளவத்தைப் பக்கம் பின்னேர வெயில் யன்னலால் நேரே மேசைக்கு வரும். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், ஒளிவாயில் கண்ணைக் கட்டியதுபோல் ஆகிவிடும். குழாயைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒட்டினால் தீரும். ஆர்டுயினோவுக்குத் தனி மின்வழங்கி கொடுங்கள். 35 அம்பியர் ஏறி இறங்கும் கம்பியிலேயே அதையும் தொங்கவிட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் ஒருமுறை அது மயங்கி எழும்பும்.

நேர்கோடா, வட்டமா

இவ்வளவும் நேர்கோட்டு முடுக்கியைப் பற்றி. பலர் யோசிக்காத தெரிவு ஒன்று மிச்சம் இருக்கிறது. குழாயை வளைத்து வட்டமாக்கிவிடுங்கள். தெளிவான வளையும் குழாயில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வளையம், அதில் இரண்டோ மூன்றோ சுருள், உள்ளே 8 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு. குண்டு தாராளமாக உருளக் குழாயின் உள்விட்டம் 10 மில்லிமீற்றராவது இருக்கட்டும். குண்டு சுற்றிச் சுற்றி வரும்போது அதே சுருள்கள் திரும்பத் திரும்பப் படிகளாகும். மூன்று சுருளை வைத்துக்கொண்டு முப்பது படி ஓடவைக்கலாம்.

வேகம் எல்லையில்லாமல் ஏறாது. செக்கனுக்கு மூன்று மீற்றரில், அதாவது மூன்று சுற்றுக்குச் சற்று மேல், குண்டு வெளிச்சுவரைத் தன் எடையின் ஆறு மடங்கு விசையோடு அழுத்தும். உராய்வும் அதற்கேற்ப ஏறும். சுருள் கொடுப்பதும் உராய்வு பறிப்பதும் சமமாகும் வேகத்தில் குண்டு நிலைத்துவிடும். அந்த நிலைத்த வேகத்தை 9 வோல்ற்றிலும் 12 வோல்ற்றிலும் அளந்து ஒப்பிடுவது உயர்தரப் பௌதிகவியல் மாணவனுக்கு நல்ல தீனி. பத்துத் தடவை ஓடவிட்டாலும் எதுவும் வெளியே பறக்காது. கூட்டம் நெருக்கியடிக்கும் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. சுருள்கள் அடிக்கடி ஏறுவதால் சூடாகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அரை நிமிடம் ஓடினால் இரண்டு நிமிடம் ஓய்வு.

கற்றுக்கொள்ள நேர்கோடு, காட்ட வட்டம். நேர்கோட்டில் ஒவ்வொரு படியின் வேகமும் தனித்தனியாகத் தெரியும், எந்தச் சுருள் பிழைக்கிறது என்று உடனே பிடிபடும். வட்டத்தில் எல்லாம் கலந்து ஒரே வேகமாகத்தான் தெரியும். நேரம் இருந்தால் முதலில் மேசையில் நேர்கோட்டை ஓடவைத்து, அதே சுருள்களின் கணக்கோடு வட்டத்தைக் கட்டுவதுதான் சரியான ஒழுங்கு.

வாங்குவதும் கொண்டுபோவதும்

இனாமல் கம்பிக்கு இலத்திரனியல் கடைக்குப் போனால் சின்ன உருளையை விலை சொல்லி விற்பார்கள். மோட்டர் சுற்றுகிற கடைக்குப் போங்கள். நிறுத்துத் தருவார்கள்.

“நானா, 21 கேஜ் கம்பி இருக்குதா?”

“என்ன மோட்டருக்குத் தம்பி?”

“மோட்டருக்கில்ல நானா, ஸ்கூல் புரொஜெக்டுக்கு. கால் கிலோ போதும்.”

நாலு சுருளுக்குக் கால் கிலோவில் மிச்சமும் வரும். பேன் சுற்றும் மெல்லிய கம்பி வேண்டாம், அது தடை கூடியது. மொஸ்பெற், கொள்ளளவி, ஆர்டுயினோ எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலேயே பார்க்கலாம். வாகன உருகியும் அதன் தாங்கியும் பஞ்சிகாவத்தையில். பெரிய ஓட்டம் தாங்கும் மொஸ்பெற்றில் போலி அதிகம், தேவைக்கு மேல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். கடற்கரைப் பக்க வீடென்றால் உப்புக்காற்றில் பற்றரி முனைகள் பச்சை பூக்கும். ஒரு சின்னப் பூப்புத் தடைகூட 35 அம்பியரில் வோல்ற்றளவைக் கணிசமாக இறக்கிவிடும், ஆகவே முனைகளைச் சுரண்டி முறுக்கிக் கட்டுங்கள்.

கொண்டுபோகும் விஷயத்தை லேசாக எடுக்கக்கூடாது. இந்த நாட்டில் துப்பாக்கிகளைப் பற்றிய கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. குழல், விசை, வெளியே பாயும் இரும்பு என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்த பொருளோடு தெருவில் நிற்பவன் அது விளையாட்டுச் சாமான் என்று பொலிஸ்காரருக்கு விளங்கப்படுத்துவது சுலபமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பாடசாலை வாசலிலேயே புத்தகப்பைகளைத் திறந்து பார்த்தார்கள். கம்பியும் பற்றரியும் குழாயும் சுற்றுப்பலகையும் ஒன்றாக இருக்கும் பை ஒன்றைத் தமிழ்ப் பையன் ஒருவன் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தால் என்ன நடக்கக்கூடும் என்பதைக் கொழும்பில் வளர்ந்த பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாகங்களைக் கழற்றி, தெளிவான பெட்டியில், பாடசாலைக் கடிதத்தோடு, பெரியவர் ஒருவர் கூடப்போக எடுத்துச் செல்வதுதான் முறை. நேர்கோட்டு முடுக்கியின் வாயில் பிடிபெட்டி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கட்டும், கழற்றவே முடியாதபடி. வட்ட வடிவத்துக்கு இந்தத் தலையிடியில் பாதி இல்லை, அது என் தெரிவை இன்னும் அந்தப் பக்கம் சாய்க்கிறது.

இவ்வளவுக்கும் பிறகும் நானூறு வோல்ற்றுத்தான் வேண்டும் என்று நிற்கிற பையனிடம் வாதாடிப் பயனில்லை. அவன் கையில் நாலு ஒளிவாயில்களைக் கொடுத்து, 12 வோல்ற்றில் நாலாவது படி மூன்றாவதைவிட வேகமாக ஓடும்படி செய்து காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் அனேகமாக நாலாவது சுருள் துண்டைப் பின்னால்தான் இழுக்கும். அப்போது ஒளிவாயிலை இரண்டு மில்லிமீற்றர் முன்னுக்கு நகர்த்தி, சுருள் ஏறியிருக்கும் நேரத்தைக் கால் மில்லிசெக்கன் குறைத்து, திரும்ப ஓடவிட்டு, வந்த வேகத்தைக் கொப்பியில் எழுதட்டும்.